ஆவாரையும் எருக்கும் இரும்பும்



சங்க இலக்கியத்தில் மடலேறும் தலைவன் ஆவாரையும் எருக்கும் சூடி வருகின்றான். நாணம் துறந்து தெருவில் நிற்கும் அவனது கோலம் கவிஞர் அனைவரும் அறிந்தது. அதே ஆவாரைக்கும் எருக்குக்கும் சேலம் நாட்டில் மற்றொரு பணி இருந்தது. இரும்பை எஃகாக்கிய மண்மூசைக்குள் அவை இடம்பெற்றன.

சேலத்தை அடுத்துள்ள கஞ்சமலை சித்தர் கோயிலால் பெயர் பெற்றது. அம்மலையில் செறிந்திருப்பது காந்த இரும்புக்கல். அக்கல்லில் இரும்பு தனித்து இல்லை. மூன்று இரும்பணுக்கள் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்து நிற்கின்றன.

உலோகங்களின் இத்தகைய பற்றை அளந்து வேதியியலார் அமைத்ததே வினைபடு வரிசை. பொன் எதனோடும் எளிதில் சேராது. ஆதலின் ஆற்று மணலிலும் பொன்னாகவே கிடைக்கிறது. இரும்பு வரிசையின் இடையில் நிற்கிறது. அலுமினியமும் மக்னீசியமும் மேலே நிற்கின்றன. பற்று மிகுந்தால் பிரிப்பதற்குரிய விலையும் மிகும். சேலம், நாமக்கல் சமவெளியின் உலோக வரலாறு இவ்விதிக்குள் அடங்கும்.

இரும்பைப் பிரிக்கக் கரி போதும். உலையில் கரி எரிந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு, கல்லிலுள்ள ஆக்சிஜனைக் கவர்ந்து செல்கிறது. சிறிய மண்ணுலையும் ஆட்டுத்தோல் துருத்தியும் கொண்டே சேலத்துக் கொல்லர் இதைச் செய்தனர். இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வுலையில் அவ்வளவு வெப்பம் எழாது. ஆயினும் இரும்பு உருகாமலே கசடு கலந்த கட்டியாகத் திரண்டது. அதை அடித்துக் கசடு நீக்கினர்.

பின்னர் உமி கலந்த களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளை இட்டனர். அவற்றோடு எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரை விறகைச் சேர்த்தனர். மேலே எருக்கிலையைப் பரப்பி, வாயை மண்ணால் மூடிச் சுட்டனர். விறகின் கரி இரும்பில் கரைந்தது, உருகுநிலை தாழ்ந்தது, எஃகு பிறந்தது. இம்முறையை எழுதி வைத்தவர் சென்னை மாகாண அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத்.

அவரே 1830-களில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகளை நிறுவி, சேலம் மாவட்டத்து இரும்புக்கல்லை உருக்கினார். இங்கிலாந்தின் உலைகளுக்கு நிலக்கரி இருந்தது. இங்கோ மரக்கரியே கதி. கல்லுக்குக் குறைவில்லை, கரிக்கு வேண்டிய மரம் அருகியது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அவ்வுலைகள் அணைந்தன. மலை தேயவில்லை, காடு தேய்ந்தது. கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பின் முன் சிற்றூர் உலைகளும் நிற்க இயலவில்லை.

அலுமினியத்தின் பற்றை உலைக்கரி வெல்லாது. அதற்கு மின்சாரம் வேண்டும். அம்முறையை 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டனர். சேர்வராயன் மலையிலும், வல்வில் ஓரியின் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு 1965-இல் மேட்டூரில் அலுமினிய ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரு கிலோ உலோகத்திற்கு ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் செலவாகும். 2008-இல் அவ்வாலையில் உலோகம் பிரிப்பது நின்றது. செம்மண் கழிவு எஞ்சியது.

மக்னீசியத்தின் பற்று இன்னும் வலிது. சேலத்தில் வெட்டப்படும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கிறது. கடும் வெப்பத்திலும் அது உருகாது. ஆகவே எஃகு உலைகளுக்கு உட்சுவராகிறது. பிரிய மறுக்கும் பண்பே அதன் பயனாயிற்று.

சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1981-இல் உற்பத்தி தொடங்கியது. ஆயினும் கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலையாக அது அமையவில்லை.

பிரித்த இரும்பும் ஈரம் பட்டால் துருவாகி, ஆக்சிஜனோடு மீண்டும் சேர்கிறது. ஒரு காட்டை எரித்துப் பெற்ற பிரிவின் ஆயுள் அவ்வளவே. ஹீத்தின் பெயர் நூல்களில் நிலைத்தது. துருத்தி ஊதியவர் பெயர் எதிலும் இல்லை. மூசை, துருத்தி, கிட்டம் என அவர்கள் புழங்கிய சொற்களேனும் எஞ்சியுள்ளன. அச்சொற்களும் துருவேறிப் போகாமல் காப்பது கவிஞர் கடன். ஆவாரையைப் பாடுவோர் அதன் பூவோடு விறகையும் நினைவில் கொள்வார்களாக.