மூன்று நொடி காத்திருப்போம்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நேர்மறை மனப்பான்மை பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அது ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளையும் சமமாகப் பார்க்கிறேன் என்று 18 ஆண்டுகளாக நம்பி வந்தவள் நான். அந்த நம்பிக்கை ஒரே பாடவேளையில் ஆட்டம் கண்டது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். நன்றாகப் படிப்பவர் என்று கருதிய மாணவருக்குச் சற்று அதிக நேரம், மற்றவருக்குக் குறைந்த நேரம். மூன்று நொடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

இதைப் படித்ததும், "நான் அப்படி இல்லை" என்றுதான் தோன்றியது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எங்கள் அறிவியல் ஆசிரியையை என் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் பின்னால் உட்கார வைத்தேன். மணி அடித்ததும் அவர் ஒரு தாளை நீட்டினார். நான் கேட்டவை 22 கேள்விகள். அவற்றில் 15 முதல் இரண்டு வரிசைக்கு. கடைசி வரிசையில் ஒரே ஒரு மாணவனிடம் கேட்டிருக்கிறேன். அவன் எழுந்து நிற்பதற்குள், "சரி, உட்காரு. நீ சொல்லும்மா" என்று முன்வரிசைக்குத் தாவியிருக்கிறேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "பாடத்தை முடிக்க வேண்டாமா?" என்று அவரிடமே வாதாடினேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் உண்மை புரிந்தது. வகுப்பு அமைதியானால் எனக்குப் பயம். நான் நடத்தியது யாருக்கும் புரியவில்லையோ என்ற பயம். அதை மறைக்கத்தான் பதில் தெரிந்த பிள்ளையைத் தேடி ஓடியிருக்கிறேன். பதிவேட்டில் அந்த மாணவனை 'மெல்லக் கற்பவர்' என்று எழுதியதும் நான்தான்.

அடுத்த நாளிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணத் தொடங்கினேன். முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. எனக்குத்தான் நா துடித்தது.

இரண்டாவது வாரம் அவனிடம், "அரையோடு கால் சேர்த்தால் எவ்வளவு?" என்று கேட்டேன். அவன் நோட்டில் 2/6 என்று இருந்தது. மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியே கூட்டியிருந்தான். பழைய நானாக இருந்தால் அங்கேயே தப்பு என்று சொல்லியிருப்பேன். காத்திருந்தேன். "முக்கால், டீச்சர்" என்றான். எப்படி என்றேன். "காலையில பால் ஊத்துறது நான்தான். அரை லிட்டரும் கால் லிட்டரும் ஊத்துனா முக்கால் லிட்டர்."

"அப்போ நோட்டுல இருக்கிறது?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "அது அரையை விடக் கம்மியா வருது டீச்சர். தப்பு" என்று அவனே அடித்தான்.

அவன் முதல் மதிப்பெண் வாங்கிவிடவில்லை. ஆனால் இப்போது கை தூக்குகிறான். அவனுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகளை நான் உட்கார வைத்திருப்பேன் என்ற எண்ணம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. மாதம் ஒரு பாடவேளை, நீங்கள் நம்பும் சக ஆசிரியரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். அது குறை காண அல்ல, குறித்துத் தர மட்டும். கேள்வியைக் கேட்டு, மூன்று எண்ணிவிட்டுப் பெயர் சொல்லி அழையுங்கள். பிள்ளை எழுந்த பிறகும் மூன்று எண்ணுங்கள். மாலையில், இன்று எந்தப் பிள்ளையிடம் பொறுமை இழந்தேன், அப்போது என் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அதை வேறு யாரும் படிக்க வேண்டியதில்லை.

நானும் இன்னும் சில நாள் இரண்டு எண்ணுவதற்குள் பேசிவிடுகிறேன். ஆனால் பேசிவிட்டேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.