காசில்லாத பஸ் சீட்டு

பனமலைப் பக்கமிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களே, இன்றைய தகவல் உங்களுக்குத்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் இந்தச் சலுகையில் சேர்ந்தார்கள்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் போக வர பஸ் காசே சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடுமோ என்ற பயம். இப்போது கொஞ்சம் தள்ளியிருக்கிற வேலைக்கும் துணிந்து போகலாம். அந்தக் காசு வீட்டில் பாலாகிறது, பிள்ளைக்கு நோட்டாகிறது. எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி.

ஒன்று கவனியுங்கள். சாதாரண டவுன் பஸ் மட்டும்தான். எக்ஸ்பிரஸில் காசு உண்டு. டவுன் பஸ்ஸில் காசில்லை, ஆனால் சீட்டு உண்டு, கேட்டு வாங்குங்கள். மாலையில் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.