வீடும் வேண்டும், திடலும் வேண்டும்!



இருட்டோடு பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டித் திரும்பிய நமக்கு லயத்து வீடு குறுகலாகவே இருந்தது. ஆயினும் வாசலில் அண்டை வீட்டார் பேச்சிருந்தது; திடலில் பிள்ளைகள் பந்தாடினர்; மாரியம்மன் திருவிழா எல்லாருக்கும் பொதுவாயிருந்தது. அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள்: வேலை போனால் வீடும் போகும்!

1990-ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நிர்வாகம் தர வேண்டுமென விதித்தது. நல்லதுதான். ஆனால் வீடு நமதாகிவிடவில்லை.

தோட்டங்கள் பல செம்பனையாகவும் நகரமாகவும் மாறின. நம்மில் பலர் இன்று அடுக்குமாடியில் வாழ்கிறோம். கதவைச் சாத்தினால் அண்டை வீட்டார் யாரென்றே தெரியவில்லை!

ஆகவே தோழர்களே, தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொல்லும்போது, பணம் மட்டும் பெற்றுத் திரும்பாதீர்! சொந்த வீடு கேட்போம். கூடிவாழத் திடலும் மண்டபமும் கேட்போம். ஒன்றாய் நின்று கேட்போம்!