விதானையாரின் கடிதமும் கூகிள் பொத்தானும்

(எமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரிலே ஏ.எல். வரைக்கும்தான் படித்தவன். இங்கே ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. கணனி நானாகப் பழகியது. தமிழ் வகுப்புக்கும் விழாக்களுக்கும் பெயர் பதிகிற எங்கள் இணையத்தளத்தை நான் செய்து கொடுத்தபடியால், அதிலே புதிதாக வந்திருக்கிற 'கூகிள் மூலம் உள்ளே செல்க' என்ற பொத்தானை விளங்கப்படுத்தும்படி தலைவர் கேட்டார்.

முதலில் எல்லோருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்திருந்தோம். ஒருநாள் வேலையில் நிற்கும்போது ஒரு அக்கா ரெலிபோன் எடுத்தார். "தம்பி, பாஸ்வேர்ட்டை மறந்துபோனன். பாங்குக்குப் போடுறதைத்தான் இதுக்கும் போட்டனான் போலை கிடக்கு" என்றார். எனக்குத் திக்கென்றது. எங்கள் சின்னத் தளத்தை ஒருவன் உடைத்தால் அந்த அக்காவின் வங்கிக் கதவும் அல்லவா திறபடும்!

இது வெறும் பயமில்லை. 2020 ஆவணியில் கனடா அரசின் ஜி.சி.கீ என்ற நுழைவு முறையில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் கணக்குகளுக்குள் கள்வர் புகுந்தார்கள். வேறு இடங்களில் களவுபோன கடவுச்சொற்களை இங்கேயும் போட்டுப் பார்த்துத்தான் புகுந்தார்கள். ஒரே திறப்பைப் பல பூட்டுக்கு வைத்ததால் வந்த வினை. அதனால் கடவுச்சொல்லை நாங்கள் வைத்திருக்கவே கூடாது என்று முடிவெடுத்தேன்.

சரி, கடவுச்சொல் இல்லாமல் ஆளை எப்படி அடையாளம் காண்பது? ஊரை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டை எடுக்கக் கந்தோருக்குப் போனால் அங்கே உங்களை ஆருக்கும் தெரியாது. விதானையாரிடம் போவீர்கள். "இவர் என் பிரிவைச் சேர்ந்தவர்தான்" என்று அவர் ஒப்பமிட்டு முத்திரை குத்துவார். கந்தோர்க்காரர் உங்களை நம்புவதில்லை, விதானையாரின் ஒப்பத்தை நம்புகிறார்கள். கூகிள் பொத்தானும் இதே முறைதான்.

பொத்தானை அழுத்தியதும் எங்கள் தளம் உங்களைக் கூகிளின் வாசலுக்கு அனுப்பும். கடவுச்சொல்லை அங்கேதான் கொடுக்கிறீர்கள். நாங்கள் அதைக் காண்பதேயில்லை. கூகிள் சிறிது நேரமே செல்லுபடியாகும் ஒரு துண்டுடன் உங்களைத் திருப்பி அனுப்பும். எங்கள் சேர்வர் அந்தத் துண்டையும் தன் இரகசிய எண்ணையும் காட்டி, ஒப்பமிட்ட கடிதத்தை வாங்கும். ஒப்பம் சரியா, எங்களுக்கென்று எழுதியதா, திகதி கடந்துவிட்டதா என்று பார்த்துத்தான் கதவைத் திறக்கும். 2012இல் வந்த ஓ-ஓத் 2.0, 2014இல் வந்த ஓப்பின் ஐடி கனெக்ற் என்ற பொது விதிகளின்படி இது நடக்கிறது.

இதை அமைக்கும்போது நான் விட்ட பிழைகளையும் சொல்லவேண்டும், இளைஞர்களுக்கு உதவும். உங்களைத் திருப்பி அனுப்பவேண்டிய முகவரியைக் கூகிளிடம் முன்கூட்டியே பதியவேண்டும். அது எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கவேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடிப்போய் ஓர் இரவு முழுக்க நித்திரை முழித்தேன். அடுத்தது, மின்னஞ்சலை ஆளின் அடையாளமாக வைத்தேன். மின்னஞ்சல் மாறக்கூடியது. கூகிள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் மாறாத இலக்கத்தைத்தான் வைக்கவேண்டும். இரகசிய எண் சேர்வரை விட்டு வெளியே போகக்கூடாது.

எல்லாம் சரிவந்து, சந்தோஷமாக நிர்வாகசபைக்குக் காட்டினேன். அப்போது வயதான ஐயா ஒருவர் எழும்பிக் கேட்டார்: "தம்பி, இந்தப் பட்டியல் ஆற்றை கையிலை இருக்கும்?"

நான் பதில் சொல்லமுதல் அவரே சொன்னார். 1983 ஆடியில் அவர் கொழும்பில் இருந்தவர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களைக் கண்டவர். "வாக்குப் போடத்தான் பேர் குடுத்தனாங்கள்" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான். நீங்கள் ஒரு தமிழ்ச் சங்கத்தின் தளத்துக்குப் போனீர்கள் என்பது கூகிளுக்குத் தெரியும். கனடா வருமானவரிக் கணக்கை வங்கி மூலம் திறக்கிறீர்களே, அந்த முறை வேறு. ரொறன்ரோவைச் சேர்ந்த செக்கியூர்கீ என்ற கம்பனி 2012இல் தொடங்கியது, இன்று இன்ரறாக் நடத்துகிறது. அதிலே நீங்கள் எந்த அரசுக் கந்தோருக்குப் போகிறீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது, எந்த வங்கி என்று கந்தோருக்கும் தெரியாது. அந்த வசதி எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு இல்லை.

விதானையாரையே ஏமாற்றினாலும் ஆபத்துத்தான். 2018 புரட்டாதியில் பேஸ்புக்கிலிருந்து ஏறக்குறைய 3 கோடிப் பேரின் நுழைவு ரோக்கன்கள் களவுபோயின.

ஆகவே ஐயாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் செய்தவை இவை. கூகிளிடம் பெயர், மின்னஞ்சல் போன்ற அடிப்படை விபரங்கள் மட்டும் கேட்கிறோம். உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்பதில்லை. பேஸ்புக் பொத்தான் போடவில்லை. வீட்டு முகவரியும் குடிவரவு நிலையும் தளத்தில் கிடையாது. அகதி வழக்கு முடியாமல் இருக்கிற பிள்ளைகள் எங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள்தான் நினைக்கவேண்டும். பொத்தானை விரும்பாதவர்கள் முன்புபோல் வாசல் மேசையில் கடதாசியில் பதியலாம். அந்த மேசை என்றைக்கும் இருக்கும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கடவுச்சொல் போடமுதல், மேலே முகவரியில் 'அக்கவுண்ட்ஸ் டொட் கூகிள் டொட் கொம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்தில் ஒருதரமாவது உங்கள் கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எந்தெந்தத் தளங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்து, வேண்டாதவற்றை வெட்டிவிடுங்கள். சித்திரைக்கு வீடு கூட்டித் துடைக்கிறோம்தானே, அன்றைக்கே இதையும் செய்யலாம்.

அந்த ஐயா இப்போதும் கடதாசியில்தான் பதிகிறார். அதிலே எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. அவர் கேட்டிருக்காவிட்டால் நான் தேவையில்லாத விபரங்களையும் சேர்த்து வைத்திருப்பேன்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.