பூட்டி வைக்கவா வெயிலறை?

(டொரான்டோ பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘கனடா வீட்டோடு சேர்த்துக் கட்ட ஏற்றது மூன்று பருவ அறையே! நான்கு பருவ அறையே!’ – ‘நான்கு பருவ அறையே’ அணியின் பேச்சு)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே தமிழ் கொட்டுமென்று நம்பி வந்திருக்கிற பெருமக்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “மூன்று பருவ அறைக்குச் செலவு குறைச்சல். வசந்தம், கோடை, இலையுதிர்காலம் மூன்றுக்கும் ஆகும். குளிர்காலம் வந்தா கதவைச் சாத்திடலாம்” என்றார். ஐயா, கோடையில உங்க ஊர்ல வெயிலுக்குப் பஞ்சமா? ஜூன் மாதம் சூரியன் மறையவே ராத்திரி ஒன்பது மணி ஆகுது. தோட்டம் இருக்கு, பூங்கா இருக்கு. டிசம்பர் கடைசியிலோ பகல் பொழுது 9 மணி நேரம்கூட இல்லை. அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல்! பசிக்காதவனுக்கு இலை போட்டுட்டு, பசிச்சவன் வந்து உட்காரும்போது பந்தியை மூடுற கதையா இருக்கே உங்க அறை! (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மூன்று பருவ அறையில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. சுவரிலும் கூரையிலும் குளிர் தடுக்கும் அடைப்பு கிடையாது. வீட்டுச் சூடு அங்கே எட்டாது. நான்கு பருவ அறை அப்படியல்ல. இரட்டைக் கண்ணாடி, நடுவிலே ஆர்கான் வாயு, கண்ணாடி மேல் வீட்டுச் சூட்டை உள்ளேயே திருப்பி அனுப்புகிற மெல்லிய பூச்சு. அடித்தளம் நாலடி ஆழம் போகணும். ஏன்? மண்ணிலுள்ள நீர் உறைஞ்சா உப்பி, மேலே இருக்கிறதைத் தூக்கிவிடும். “பழைய டெக் மேலேயே நிறுத்திடலாம் சார்” என்று ஒருத்தர் வருவார். அவரை முதலில் வெளியே நிறுத்துங்க! (சிரிப்பு) நகராட்சி அனுமதி வாங்கிவிட்டுக் கட்டுங்க.

“கோடையில் கண்ணாடி அறை அடுப்பு மாதிரி கொதிக்குமே” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதுக்குத் திசை பார்க்கணும். இங்கே டிசம்பர் உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் ஏறுகிறான். ஜூனில் 70 பாகை. தெற்குப் பார்த்துக் கட்டி, கூரையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிவிடுங்க. குளிர்காலத்து வெயில் சரிந்து அறைக்குள்ளே வந்து உட்காரும். கோடை வெயில் கூரையோடு நின்றுவிடும்.

இது நமக்குப் புதுசா? சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் வேனிற்பள்ளி என்று ஒன்று, கூதிர்ப்பள்ளி என்று ஒன்று. கோடைக்கு ஒரு படுக்கையிடம், குளிருக்கு ஒரு படுக்கையிடம்! பனியே விழாத ஊரில் கூதிருக்கு இடம் கட்டினான் தமிழன். பனி விழுகிற ஊருக்கு வந்து கூதிரை மறக்கலாமா? (கைதட்டல்)

என் அணித்தோழி வைட்டமின் டி கிடைக்கும் என்றார். அம்மா, நம்ம அணியாக இருந்தாலும் உண்மையைச் சொல்லணும். அதற்கான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதுக்கு டாக்டர் சொல்ற மாத்திரைதான். ஆனால் வெளிச்சம் குறைந்தால் மனசும் சோர்ந்து போகும். பருவகால மனச்சோர்வு என்றே அதற்குப் பெயர். வெயிலறை தருகிற மருந்து அந்த வெளிச்சம்.

நடுவர் அவர்களே, நான் தங்கியிருக்கிற வீட்டில் ஓர் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதை நெருங்கிய வயசு. வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடியில் அழகான மூன்று பருவ அறை. பூட்டிக் கிடக்கு. உள்ளே பார்த்தால் கோடை நாற்காலிகள். சமையலறை மூலையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. “செடியை ஏம்மா இங்கே வைச்சிருக்கீங்க?” என்றேன்.

“தம்பி, போன மார்கழி ஒரு கண்டை அந்த அறையில வச்சவை. பட்டுப்போச்சு. இப்ப இதுக்கு வீட்டுக்குள்ள இடம் குடுத்திருக்கினம்.”

“நீங்க அங்கே உட்கார்றதில்லையா?”

“மே மாசம் திறப்பினம். இருந்தாப் பாப்பம்.”

‘இருந்தா’ என்றார் பாருங்க, அந்த ஒரு சொல் என்னை ராத்திரி தூங்கவிடலை. மகன் கெட்டவரா? இல்லீங்க. இரண்டு வேலை பார்த்து, அம்மா வெயில் காயட்டும் என்றுதான் அதைக் கட்டினார். பெரிசாக் கட்டணும் என்ற எண்ணத்தில், எந்த மாதத்துக்குக் கட்டுகிறோம் என்பதை மறந்துவிட்டார். செலவு, செலவு என்கிறீர்களே, அளவைக் குறையுங்க ஐயா! 10 அடிக்கு 10 அடி போதும். அம்மாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி, கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி, பக்கத்திலே பேச்சுத் துணைக்கு ஒரு நாற்காலி. வேறென்ன வேணும்?

இன்றைக்குப் பொங்கல். காலையில் அந்த அம்மா பொங்கலை வாழையிலையில் வைத்து, பூட்டிய அந்த அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டார். சூரியன் அந்தப் பக்கம் அறை முழுக்க நிறைஞ்சு நிற்கிறான். நடுவிலே நாம் போட்ட பூட்டு! சூரியனுக்கே பொங்கல் வைக்கிற நாம், தை மாதத்தில் அவனுக்குக் கதவைச் சாத்தலாமா? கட்டினால் தைக்கும் சேர்த்துக் கட்டுங்கள். நான்கு பருவ அறையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)