கற்றது கையில் நிற்க வேண்டும்

(பயிற்றுநர்கள், ஊக்குநர்கள், கணக்கு எழுதுபவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுவின் பெருமையைப் பேச இங்கே நிறைய பேர் இருக்காங்க. நான் நம்மைப் பற்றி, அதாவது பயிற்சி கொடுக்கிறவங்களைப் பற்றிப் பேசறேன். பெரிய கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு எதை, எப்படிச் சொல்லித் தரணும் என்று திட்டம் போடுவதற்கே சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். அதே வேலையைத்தான் நாம் கோயில் மண்டபத்திலும் அங்கன்வாடியிலும் பாய் விரித்துச் செய்கிறோம். அதனால் நம்ம வேலையை நாமே சாதாரணமா நினைக்கக் கூடாது.

ஏன் இதைச் சொல்றேன் என்றால், நம் பயிற்சி சரியில்லை என்றால் நஷ்டம் குழுவுக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பதினைந்து பேர். கணக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு பெண்ணுக்கு. அந்தப் பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போனதும் மூன்று மாதம் ரொக்கப் புத்தகம் எழுதப்படவே இல்லை. வங்கியில் புத்தகத்தைக் கேட்டார்கள், கடன் தள்ளிப்போனது. கறவை மாடு வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்த ரெண்டு பேர் வெளியில் வட்டிக்கு வாங்கினார்கள். இத்தனைக்கும் அந்தப் பதினைந்து பேரும் கணக்குப் பயிற்சிக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்கள்தான்!

அதனால் நாலு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம்: பாடம் எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள். இதற்கு உதாரணம் நம்ம வில்லியனூரிலேயே இருக்கு. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. எம்பலத்தில் கோயில் வளாகத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள். அதிகம் படிக்காத பெண்களும் கம்ப்யூட்டரைப் பழகிக்கொண்டார்கள். எப்படி? ஊருக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்தத் தேவைக்காகப் பழகினார்கள். விவசாயிக்கு நெல் விலை, மீனவருக்கு அலையின் உயரம். வீராம்பட்டினத்தில் கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தின் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே காலி செய்தார்கள். தினசரி தேவைக்குப் பழகிய கருவி, ஆபத்திலும் கைகொடுத்தது.

நாமும் பயிற்சிக்குப் போகுமுன் அந்தக் குழுவின் கூட்டத்தில் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்கணும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டணும். எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்று தெரிந்தால் பாதி பாடம் தானே வந்துவிடும். நடவு நேரமா, பால் ஊற்றும் நேரமா என்பதையும் கேட்டுத்தான் நாள் குறிக்கணும்.

இரண்டாவது: கையில் கொடுங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வேலையை யாராவது கரும்பலகையில் கற்றுக்கொண்டார்களா? மண்ணைப் பிசைந்துதானே கற்றார்கள்! கணக்கும் அப்படித்தான்.

வட்டிப் பாடத்தை எடுத்துக்குங்க. பத்தாயிரம் கடன், பத்துத் தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பத்துப் புளியங்கொட்டையை வையுங்கள். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். அதற்கு மாத வட்டி பத்து ரூபாய். முதல் மாதம் பத்துக் கொட்டைக்கு நூறு ரூபாய். தவணை கட்டினதும் ஒரு கொட்டையை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த மாதம் தொண்ணூறு, அப்புறம் எண்பது. பத்து மாதத்தில் மொத்த வட்டி 550 ரூபாய். கொட்டையை எடுக்காமலே வட்டி போட்டால்? 1,000 ரூபாய். 'ஒரு வட்டிதான்மா' என்று ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வித்தியாசம் 450 ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைப் பிடித்துக்கொள்வார். நாளைக்கு வாசலில் வந்து கடன் தருகிறேன் என்பவரிடம், 'கொட்டையை எடுத்துட்டுப் போடறீங்களா, எடுக்காமப் போடறீங்களா?' என்று கேட்பார். அதுதான் பயிற்சி.

மூன்றாவது: திரும்பிப் போங்கள். 1885-லேயே ஜெர்மனியில் எபிங்காஸ் என்ற அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதினார்: கற்றதில் பெரும்பகுதி ஆரம்ப நாட்களிலேயே மறந்துபோகிறது, திரும்பத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி சில நாள், சில வாரம்தான். ஆனால் அதன்பிறகு இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து விசாரித்து உதவணும் என்பது அவர்கள் முறை. நாம் ஒரே நாளில் ஆறு மணி நேரம் பேசுவதை விட, ரெண்டு மணி நேரம் வீதம் மூன்று முறை போவது மேல். முதல் தடவை நாம் எழுதிக் காட்டுவோம். அடுத்து அவர்கள் எழுத, நாம் பக்கத்தில் இருப்போம். மூன்றாவது தடவை அவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்தால் போதும்.

நாலாவது: எதை அளக்கிறோம்? அமெரிக்காவில் கிர்க்பேட்ரிக் என்பவர் 1959-இல் பயிற்சியை அளக்க நாலு படி சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா? கற்றார்களா? வேலையில் அதைச் செய்கிறார்களா? அதனால் பலன் வந்ததா? நம்ம அறிக்கையில் வருகைப் பதிவேடும் போட்டோவும் இருக்கும். சாம்பார் சாதம் நல்லா இருந்தது என்பதும் தெரியும். அது முதல் படிதான். ரெண்டாவதுக்கு, அன்றைக்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு, ஒரு மாதம் கழித்து ரொக்கப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நாலாவதுக்கு, ஆறு மாதம் கழித்துப் பஞ்சசூத்திரத்தைக் கேளுங்கள்: கூட்டம் தவறாமல் நடக்குதா, சேமிப்பு வருதா, உள்கடன் போகுதா, தவணை சரியா திரும்புதா, கணக்கு அன்றன்றைக்கு எழுதப்படுதா? பதில் அங்கே இருக்கும்.

கடைசியாக, நாமும் வளரணும். வருஷக்கணக்கா ஒரே பயிற்சி ஏட்டை வைத்துக்கொண்டு பேசினால் நமக்கே தூக்கம் வரும். மாதம் ஒருமுறை பாகூர் பயிற்றுநர் வில்லியனூர் வகுப்பிலும், வில்லியனூர்க்காரர் பாகூர் வகுப்பிலும் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்ததும், நல்லா இருந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, ரெண்டே விஷயம் சொல்லட்டும். பெண்கள் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; அதுதான் அடுத்த வருஷப் பாடப் புத்தகம்.

கூட்டமைப்பு நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். திரும்பப் போய்ப் பார்க்கிற நாளும் வேலை நாள்தான். அதற்குப் பஸ் செலவும் மதிப்பூதியமும் கொடுத்தால்தான் இது நடக்கும். பயிற்றுநரும் ஒரு வீட்டை ஓட்ட வேண்டியவர்தானே?

ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்குள், ஒவ்வொரு குழுவிலும் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கணும். கணக்கைப் படித்துக் கேள்வி கேட்க எல்லோருக்கும் தெரியணும். நம் பணத்துக்கு அதைவிடப் பெரிய பூட்டு கிடையாது.