ஊராண்மையும் அன்றாட நாகரிகமும்



வீரம் என்றவுடன் வாளும் வேலும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் திருக்குறள், ‘படைச்செருக்கு’ என்னும் அதிகாரத்திலேயே வீரத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. பகைவரை அஞ்சாது எதிர்ப்பது ஆண்மை. அப்பகைவருக்கே ஒரு தாழ்வு நேருமாயின் இரங்கி உதவுவது அவ்வாண்மையின் கூர்மை என்கிறது. அவ்வுதவும் பண்பிற்கு அந்நூல் இட்ட பெயர் ஊராண்மை.

இடைக்கால ஐரோப்பாவில் குதிரைவீரர்க்கென வகுக்கப்பட்ட ஒழுக்கமும் இதற்கு நெருங்கியதே. அதனைக் குறிக்கும் ‘ஷிவல்ரி’ என்னும் சொல், குதிரை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. குதிரைமேல் இருப்பவன் தரையில் நிற்பவனைவிட உயரத்தில் இருக்கிறான். கையில் ஆயுதமும் உண்டு. ஆதலின் அவனுக்கே அடக்கம் மிகுதியாகத் தேவைப்பட்டது.

இவ்வடக்கத்திற்குத் தமிழ் மரபில் தலைசிறந்த சான்று புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டில் உள்ளது. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் வீரமுரசு நீராட்டுவதற்காக எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. மோசிகீரனார் என்னும் புலவர், அது முரசு வைக்கும் கட்டில் என்றறியாமல், களைப்பு மிகுதியால் அதன்மீது படுத்து உறங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவதே அக்கால வழக்கம். மன்னனோ வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்து வீசினான். உறங்குபவர் நன்றி கூற இயலாது. அந்நிலையில் செய்த பணிவாதலின், அது புகழுக்காகச் செய்ததன்று என்பது தெளிவு.

மற்றொரு நிகழ்ச்சி கடலில் நடந்தது. 1852 பிப்ரவரி 26 அன்று ‘பர்கன்ஹெட்’ என்னும் பிரிட்டிஷ் படைக்கப்பல் தென்னாப்பிரிக்கக் கரைக்கருகே பாறையில் மோதியது. பயன்பட்ட படகுகள் மிகச் சில. பெண்களும் குழந்தைகளும் படகில் ஏற்றப்பட்டனர். வீரர்கள் நீந்திச் சென்று பற்றினால் அப்படகு கவிழ்ந்துவிடும் என்று அதிகாரிகள் கூற, அவர்கள் மூழ்கும் தளத்திலேயே அணிவகுத்து நின்றனர். பெண்களும் குழந்தைகளும் அனைவரும் உயிர் பிழைத்தனர். நானூறுக்கு மேற்பட்ட ஆடவர் மாண்டனர்.

மன்னன் வாளை எடுக்கவில்லை. வீரர்கள் படகை நோக்கிப் பாயவில்லை. செய்ய வல்லதைச் செய்யாது அடக்கிக்கொண்டமையே இரண்டிலும் பெருமை. வலிமை இல்லாதவரின் பொறுமை வேறு. வலிமை உள்ளவரின் அடக்கம் வேறு. பின்னதே ஊராண்மை.

இன்று போர்க்குதிரைகள் இல்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குதிரைமேல் அமர்ந்தே இருக்கின்றனர். சாலையில் காரோட்டுபவருக்குக் கார் ஒரு குதிரை. நடந்து செல்லும் முதியவர் தரையில் நிற்பவர். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு நாற்காலி ஒரு குதிரை. மனுவோடு காத்திருப்பவர் தரையில் நிற்பவர். கைப்பேசியைச் சரளமாகக் கையாளும் பேரனுக்கு அந்த அறிவே ஒரு குதிரை; ஒரே ஐயத்தை மூன்றாம் முறை கேட்கும் தாத்தா தரையில் நிற்பவர். அவரிடம் ‘இது கூடத் தெரியாதா?’ என்று கேட்காமல் இருப்பதும் வாளை உறையிலிடுவதே ஆகும்.

நாகரிகம் பின்வாங்கிய இடத்தில் சட்டம் நுழைய வேண்டியிருக்கிறது. பெற்றோரைப் பேணுவதற்கு 2007ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வகைசெய்கிறது. சட்டம் வழியைத் திறக்கும். சோற்றைப் பெற்றுத் தரும். அச்சோற்றை இடும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் ஆணையிட முடியாது.

ஆகவே இப்பண்பின் உண்மையான சோதனைக் களம் வீடே. பேருந்தில் அறியாத பெண்ணுக்கு எழுந்து இடம் தருபவர், தம் வீட்டில் மனைவி நின்றுகொண்டே உண்பதைக் கவனிப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் உணவை முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வேலைக்குச் சென்று மாலையில் விரைந்து திரும்பும் மருமகள், சூரியனோடு போட்டியிட்டுச் சமைக்கிறாள். மற்றவர்கள் நேரத்தோடு உண்டு எழுகின்றனர். கடைசியில் அவளுக்கு மட்டும் பொழுது போய்விடுகிறது. அன்றிரவு அவள் பட்டினி. குடும்பம் நோன்பைக் காத்தது. ஆனால் அதன் முழுச் சுமையையும் ஒருத்தியே சுமந்தாள். கணவர் காய் நறுக்கியிருந்தால், மகன் இலை போட்டிருந்தால், அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கலாம். இது அவளுக்குக் காட்டும் இரக்கமன்று. செலுத்த வேண்டிய மதிப்பு.

வீட்டுக்குள் காட்டும் பண்பைக் காண வெளியார் இல்லை, கைதட்டல் இல்லை. சேர மன்னன் விசிறி வீசியபோதும் புலவர் கண்மூடியே இருந்தார்.

இளைஞர்களே! இன்றைய விழாப் பந்தியிலேயே இதனைத் தொடங்கலாம். காலை முதல் அடுப்பருகே நின்றவர்களையும், பரிமாறிக் களைத்தவர்களையும் அமரச் செய்து, அவர்களுக்கு நீங்கள் பரிமாறுங்கள். பொழுது சாய்வதற்கு முன்னரே அதனைச் செய்யுங்கள்.